தொப்பி பேசவில்லை, நாதஸ்வரம் முக்கால் கட்டை இறங்குகிறது: எஸ்எஃப்இசட் பிழைகளை டெர்மினலில் தீர்ப்பது

மதுரைப் பக்கம் திருவிழா மேடைகளில் கீபோர்டும் பேடும் வாசிக்கிற சிலர் தவில், நாதஸ்வரம், உறுமி, பம்பை எல்லாவற்றையும் தாங்களே பதிவு செய்து மல்டிசாம்பிள் கருவியாக, அதாவது சாவிக்கும் அழுத்தத்துக்கும் ஏற்றபடி தனித்தனிப் பதிவு ஒலிக்கும் மென்பொருள் கருவியாகக் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். பதிவு நன்றாகத்தான் வருகிறது. கட்டி முடித்து வாசிக்கும்போதுதான் வம்பு. ஒரு சாவி பேசாது, பக்கத்துச் சாவி இரண்டு குரலில் பேசும், நீட்டிய ஸ்வரத்தில் டிக் டிக் என்று கேட்கும். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக, என்ன கேட்கிறது என்பதை வைத்து எங்கே தேடுவது என்று எழுதியிருக்கிறேன்.

இப்படிக் கட்டும் கருவியை விவரிப்பது எஸ்எஃப்இசட் ஃபைல். அதற்குள் ஒலி எதுவும் கிடையாது. எந்தச் சாவிக்கு, எந்த அழுத்தத்தில், எந்த வேவ் ஃபைல் என்று சொல்லும் வெறும் எழுத்துதான் அது. அதனால் அதைத் திருத்தத் தனி மென்பொருள் வேண்டாம். செட், கிரெப் போன்ற பழைய டெர்மினல் கட்டளைகளே போதும். வேவ் ஃபைல்களுக்கு சாக்ஸ், அவற்றின் விவரம் பார்க்க சாக்ஸி, முழுக் கருவியை ஒலியாக்கிக் கேட்க எஸ்எஃப்இசட்டை வாசிக்கும் எஸ்ஃபிஸ் என்ற பிளேயரின் தொகுப்போடு வரும் எஸ்ஃபிஸ் ரெண்டர். கட்டளைகளையும் குறிச்சொற்களையும் இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ‘லூப் மோட்’, ‘பிட்ச் கீசென்டர்’ என்று பிரித்து எழுதியிருக்கும் எஸ்எஃப்இசட் குறிச்சொற்களில் நடுவில் அடிக்கோடு வரும்.

என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுப் பிழை எழுத்து ஃபைலில்தான் இருக்கும், வேவ் ஃபைலில் இருக்காது. ஆனால் எல்லோரும் முதலில் கை வைப்பது வேவ் ஃபைலில். அதனால் மூலப் பதிவுகளை எழுத அனுமதியில்லாத தனி ஃபோல்டரில் போட்டுப் பூட்டிவிட்டு ஆரம்பியுங்கள். முகூர்த்த மாதங்களில் ஒரு நாதஸ்வர வித்வானைத் திரும்ப மைக் முன்னால் உட்கார வைப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆடியில் கல்யாணம் இல்லை என்றாலும் அம்மன் கோயில் திருவிழாக்கள் அவர்களை விடாது.

அப்புறம், எல்லாச் சாவியையும் ஒவ்வொன்றாக, மெதுவாகவும் பலமாகவும் அழுத்தும் ஒரு மிடி ஃபைலைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எஸ்ஃபிஸ் ரெண்டரிடம் அந்த மிடியையும் எஸ்எஃப்இசட் ஃபைலையும் கொடுத்து ஒரு வேவ் எடுத்துக் கேட்டால், குறை கருவியிலா கீபோர்டிலா என்பது அங்கேயே பிரிந்துவிடும்.

கருவி ஏறுகிறது, ஆனால் ஒரு சத்தமும் இல்லை

முதலில் ‘டீஃபால்ட் பாத்’ வரியைப் பாருங்கள். அது ஃபோல்டர் பெயர் போலத் தோன்றினாலும் பிளேயர் அதை வெறும் முன்னொட்டாகத்தான் ஒட்டுகிறது. கடைசியில் சாய்கோடு போடாமல் விட்டால் ‘சாம்பிள்ஸ்’ என்பதும் ‘தவில்1’ என்பதும் ஒட்டி ‘சாம்பிள்ஸ்தவில்1’ என்று இல்லாத ஃபைலைத் தேடும். எல்லாமே ஊமையாக இருந்தால் சந்தேகம் இங்கேதான்.

அது சரியாக இருந்தால், விண்டோஸ் நோட்பேடில் யாராவது சேமித்தார்களா என்று கேளுங்கள். ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி ஒட்டியிருக்கலாம். சில பிளேயர்களுக்கு அதனால் முதல் தலைப்பே புரியாது. ‘ஃபைல்’ என்ற கட்டளையையே எஸ்எஃப்இசட் மீது ஓட்டினால், அந்தக் குறி இருக்கிறதா, வரி முடிவு விண்டோஸ் பாணியிலா என்று இரண்டையும் சொல்லிவிடும். டாஸ்2யூனிக்ஸ் இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும்.

விண்டோஸ் வரி முடிவின் தொல்லை பிளேயரைவிட உங்கள் ஷெல் ஸ்கிரிப்டில்தான் அதிகம். சாம்பிள் பெயர்களை கிரெப் வைத்து உருவி, ஒவ்வொன்றும் டிஸ்கில் இருக்கிறதா என்று சோதிக்கிறீர்கள். எல்லாமே ‘இல்லை’ என்று வருகிறது. திரையில் பெயர் அச்சு அசலாக அதேதான். வரிக் கடைசியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துதான் காரணம். கேட் கட்டளையைப் பெரிய ஏ விருப்பத்தோடு ஓட்டினால் அது வரி முடிவில் கூரைக் குறியும் எம் எழுத்துமாகத் தெரியும்.

அந்தச் சோதனையை எழுதும்போது ஃபார் சுழற்சி வேண்டாம். ஃபைல் பெயரில் ஓர் இடைவெளி வந்தாலே அது பெயரை இரண்டாக வெட்டிவிடும். வைல் ரீட் பயன்படுத்துங்கள், ரீட் கட்டளைக்கு ஆர் விருப்பமும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் விண்டோஸிலிருந்து வந்த பாதைகளில் இருக்கும் பின்சாய்கோடுகளை அது விழுங்கிவிடும். லினக்ஸ் பிளேயர்கள் பலவும் பின்சாய்கோட்டைப் புரிந்துகொள்ளும், ஷெல் புரிந்துகொள்ளாது. எனவே எல்லாவற்றையும் முன்சாய்கோடாக ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. அதே கையோடு பெரிய எழுத்து, சின்ன எழுத்தையும் பாருங்கள். விண்டோஸில் ஓடியது லினக்ஸில் ஓடாததற்கு ஃபைல் பெயரில் ஒரே ஓர் எழுத்து பெரியதாக இருந்தாலே போதும்.

வலந்தலை பேசுகிறது, தொப்பி மட்டும் பேசவில்லை

ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டுமே வரும் வினோதமான பிழை இது. தவிலின் இரண்டு பக்கத் தோல்களில் ஒன்று வலந்தலை, இன்னொன்று தொப்பி. ‘வலந்தலை’ என்று தொடங்கும் ஃபைல்கள் எல்லாம் ஏறும். ‘தொப்பி’ என்று தொடங்குபவை ஏறாது. ‘நம்’ என்ற சொல்லுக்குரிய அடி ஒலிக்கும், ‘தொம்’ ஒலிக்காது. டிஸ்கில் ஃபைல் இருக்கிறது, எழுத்து ஃபைலிலும் அதே பெயர், எழுத்துக்கூட்டிப் பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

விஷயம் ‘தொ’ என்ற எழுத்தில் இருக்கிறது. யூனிகோடில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஓகாரம், ஔகாரம் சேர்ந்த எழுத்துகளுக்கும் இதே கதை. ‘வலந்தலை’யில் அப்படிப் பிரியும் எழுத்து எதுவும் இல்லாததால் அது தப்பித்துக்கொள்கிறது. மேக்கின் பழைய டிஸ்க் வடிவமான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து ஜிப் ஆகி வந்த ஃபைல்கள் லினக்ஸில் விரியும்போது பிரிந்த வடிவிலேயே விரியும். எஸ்எஃப்இசட் ஃபைலை நீங்கள் அடித்தது சேர்ந்த வடிவில். லினக்ஸுக்கு இவை இரண்டும் வேறு வேறு பெயர்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பெயரின் பைட்டை எண்ணுவது. எல்எஸ் தரும் பெயரை டபிள்யூசி கட்டளைக்குச் சின்ன சி விருப்பத்தோடு அனுப்புங்கள். ‘தொப்பி’ என்ற சொல் மட்டும் சேர்ந்த வடிவில் 18 பைட், பிரிந்த வடிவில் 21 பைட். எஸ்எஃப்இசட் ஃபைலிலிருந்து உருவிய பெயரையும் அதே போல எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றின் மடங்கில் வித்தியாசம் வந்தால் நோய் இதுதான். எண்ணும்போது வரி முடிவின் ஒரு பைட்டும் சேர்ந்து வரும் என்பதை மறக்க வேண்டாம்.

மருந்து கான்விஎம்வி என்ற சின்னக் கருவி. இரண்டு பக்கமும் யுடிஎஃப்8 என்று சொல்லி, என்எஃப்சி விருப்பம் கொடுத்தால் ஃபோல்டர் முழுக்கப் பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றும். முதலில் வெறுமனே ஓட்டுங்கள். என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும். நோடெஸ்ட் என்று சேர்த்தால்தான் உண்மையில் பெயரை மாற்றும்.

தமிழில் பெயர் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல கணினிகளுக்குப் போகப்போகிற கருவி என்றால் ஃபைல் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்துவிட்டு, தமிழ்ப் பெயரை எஸ்எஃப்இசட்டுக்குள் இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்பு வரியாகப் போட்டுவிடுவது என் வழக்கம்.

ஒரு சாவி ஊமை, பக்கத்துச் சாவியில் இரண்டு குரல்

லோகீ, ஹைகீ எண்கள் ஒரு ரீஜனின், அதாவது ஒரு வேவ் ஃபைல் பேசும் சாவி வரம்பின், கீழ் மேல் எல்லைகள். அவற்றை வரிசையாக எடுத்து, சார்ட் கட்டளையில் போட்டுப் பாருங்கள். ஒரு ரீஜன் 62-இல் முடிந்து அடுத்தது 64-இல் தொடங்கினால் 63 ஊமை. 63-இல் முடிந்து 63-இலேயே அடுத்ததும் தொடங்கினால் 63-இல் இரண்டு குரல். அழுத்தத்தின் எல்லைகளான லோவெல், ஹைவெல் எண்களிலும் இதேதான். 63 வரை ஓர் அடுக்கு, 65-இலிருந்து இன்னோர் அடுக்கு என்றால், அழுத்தம் சரியாக 64 ஆக விழும்போது மட்டும் சத்தம் வராது. எப்போதோ ஒரு தடவை வந்து போகும் குறை என்பதால் இதைப் பிளேயர் மேல் பழி போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள்.

இரண்டு எல்லையையும் குறிக்க மறந்த ரீஜன் 0 முதல் 127 வரை எல்லாச் சாவிக்கும் பேசும். எந்தச் சாவியை அழுத்தினாலும் பின்னால் ஒரு பம்பை கேட்கிறதா? எல்லை குறிக்காத ஒரு ரீஜன் எங்கோ இருக்கிறது.

சுருதி தவறு

எவ்வளவு தவறு என்று முதலில் அளந்துவிட வேண்டும், ஏனென்றால் அளவுதான் காரணத்தைச் சொல்லும். சாக்ஸின் ஸ்டாட் கட்டளை ‘ரஃப் ஃப்ரீக்வென்சி’ என்று ஓர் எண் தரும். அதைச் சுருதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாதஸ்வரம் மாதிரி மேல்ஸ்வரங்கள் நிறைந்த ஒலியில் அந்த எண் எங்கோ போய் நிற்கும். ஆபியோ தொகுப்பின் பிட்ச் கட்டளையை ஓட்டி, நடுப்பகுதியில் நிலையாக வரும் எண்ணை எடுங்கள்.

சரியாக ஒரு ஸ்தாயி ஏறியோ இறங்கியோ இருந்தால் அது பெயர்ச் சண்டை. மிடி எண் 60-ஐ ஒரு சாரார் சி4 என்பார்கள், யமஹா வழக்கத்தில் அது சி3. எஸ்எஃப்இசட்டுக்கு 60 என்பது சி4. சி3 என்று பெயரிட்ட ஃபைல் எந்த வழக்கத்தில் பெயரிடப்பட்டது என்று தெரியாமல் அப்படியே போட்டால் ஒரு ஸ்தாயி தள்ளிப் போகும். எழுத்துப் பெயரை விட்டுவிட்டு எண்ணாகவே எழுதுங்கள். குழப்பம் தீரும்.

ஏறக்குறைய முக்கால் கட்டை, அதாவது அரைஸ்வரத்துக்கு 100 சென்ட் என்ற கணக்கில் 147 சென்ட் இறங்கியிருந்தால், நொடிக்கு 48000 மாதிரி (சாம்பிள்) என்ற வேகத்தில் பதிவான ஒலி 44100 என்று முத்திரை குத்தப்பட்டு ஓடுகிறது. 147 சென்ட் ஏறியிருந்தால் நேர் எதிர். சாக்ஸி ஒரு நொடியில் சொல்லிவிடும். ஆனால் அது தலைப்பில் எழுதியிருப்பதைத்தான் சொல்லும், தலைப்பே பொய் என்றால் அதற்கும் தெரியாது. அப்போது பதிவின் நீளத்தைப் பாருங்கள். ஒரு நிமிடப் பதிவு 65 நொடிக்கு மேல் காட்டினால் தலைப்பு பொய் சொல்கிறது. மூல எண்களை மாற்றாமல் தலைப்பை மட்டும் திருத்த, சாக்ஸில் உள்ளே வரும் ஃபைலின் பெயருக்கு முன்னால் ஆர் விருப்பத்தோடு சரியான வேகத்தைக் கொடுக்க வேண்டும். ரேட் என்ற விளைவைப் போட்டுவிடாதீர்கள். அது தவறான சுருதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு புது வேகத்துக்கு மாற்றித் தரும்.

முழு அரைஸ்வரக் கணக்கில் தள்ளியிருந்தால் பிட்ச் கீசென்டர், அதாவது பதிவு தன் சொந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டிய சாவியின் எண், தவறு. நாதஸ்வரத்தில் இது அடிக்கடி வரும். வித்வான் 2 கட்டையில் வாசித்த ஸட்ஜத்தை ‘ஸ’ என்று பெயரிட்டு வைத்திருப்பீர்கள். கருவி கட்டுகிறவர் ஸ என்றால் சி என்று எடுத்துக்கொண்டு 60-ஐக் கொடுத்துவிடுவார். 2 கட்டை என்பது டி. அந்த ஸ்தாயியில் அது 62. இரண்டு எண் வித்தியாசம், எல்லாச் சாவியும் ஒரு முழு ஸ்வரம் ஏறிக் கேட்கும். பதிவு செய்யும்போதே பெயரில் கட்டையையும் சேர்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பது இருபது முப்பது சென்ட் விலகல். அது கருவியின் இயல்பு. சீவாளி நனைய நனையச் சுருதி நகரும், வெயிலில் தவில் தோல் இறுகும். காலையில் பதிவானதும் மதியம் பதிவானதும் ஒன்றாக இருக்காது. இதற்கு வேவ் ஃபைலை நீட்டிச் சுருக்க வேண்டாம். அந்த ரீஜனில் ட்யூன் என்று போட்டு சென்ட் கணக்கில் எழுதினால் போதும். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம், ஒலிக்கு ஒரு சேதாரமும் இல்லை.

செட் ஓட்டிய பிறகு எல்லாமே குழம்பிவிட்டது

கீ=60 என்பதை கீ=62 ஆக்கும் மிகச் சாதாரண செட் கட்டளை. அது லோகீ=60, ஹைகீ=60 இரண்டுக்குள்ளும் புகுந்து மாற்றிவிடும், ஏனென்றால் அந்தச் சொற்களின் வாலும் ‘கீ’தான். கீ=6 என்று மட்டும் தேடினால் 60 முதல் 69 வரை எல்லாமே சிக்கும். தேடும் சொல்லுக்கு முன்னாலும் எண்ணுக்குப் பின்னாலும் சொல் எல்லைக் குறியைப் போடுங்கள், பின்சாய்கோடும் பி எழுத்தும். ஜிஎன்யூ செட் அதைப் புரிந்துகொள்ளும். ஃபைல் பாதைகளை மாற்றும்போது பிரிப்பானாகச் சாய்கோட்டுக்குப் பதில் நேர்க்கோட்டைப் போட்டால் பாதி தலைவலி போகும்.

ஐ விருப்பத்தை, அதாவது ஃபைலுக்குள்ளேயே மாற்றும் விருப்பத்தை, வெறுமனே கொடுக்காதீர்கள். அதை ஒட்டியே ஒரு பின்னொட்டு கொடுத்தால் பழைய பிரதி தங்கும். மேக்கில் பின்னொட்டு கேட்காமல் விடாது. லினக்ஸில் எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே போய்ச் சண்டை போடுவதற்கு இதுதான் காரணம். மாற்றிய பிறகு டிஃப் போட்டுப் பாருங்கள். நாலு வரி மாற வேண்டிய இடத்தில் நாற்பது வரி மாறியிருந்தால் வாசித்துப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

சாக்ஸில் இதைவிடக் கொடூரமான ஒன்று உண்டு. உள்ளே போகும் ஃபைலுக்கும் வெளியே வரும் ஃபைலுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால், படித்து முடிக்கும் முன்பே எழுதத் தொடங்கி மூலத்தையே காலி செய்துவிடும். வெளியீட்டுக்கு எப்போதும் தனி ஃபோல்டர்.

மெல்லிய அடியும் பலத்த அடியும் ஒரே சத்தம்

எல்லாவற்றையும் ‘நார்ம்’ செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சுற்றுவட்டாரத்து ஸ்டூடியோக்களில் பதிவை வாங்கினால் பெரும்பாலும் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாக உச்சத்துக்கு ஏற்றப்பட்டுத்தான் வரும். பாட்டுக்கு அது சரி. மல்டிசாம்பிளுக்கு அது விஷம், ஏனென்றால் அடுக்குகளுக்கு இடையே இருந்த வித்தியாசம்தான் அந்தக் கலைஞரின் கை. மேலூர்ப் பக்கத்து தவில்காரர் ஒருவர் இப்படி ஏற்றிய தன் அடிகளை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, “தம்பி, இத நான் விரல் நுனியிலதானே தட்டுனேன்? இங்க என்ன மண்டகப்படிக்கு முழங்குற மாதிரி கேக்குது?” என்றார். வலந்தலையில் கூடு போட்ட விரல் லேசாகத் தொடும்போது வரும் ஒலியின் நிறமே வேறு. அதை ஏற்றினால் சத்தம் மட்டும் பெரிதாகாது. அறையின் இரைச்சல், மின்விசிறி, தூரத்து ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து ஏறும்.

மூலப் பதிவு இருந்தால் அங்கே போங்கள். சாக்ஸின் ஸ்டாட்ஸ் விளைவை எல்லா ஃபைலிலும் ஓட்டி, உச்ச டெசிபல் எண்களை ஒரு பட்டியலாக எடுங்கள். எது மிகப் பலமோ அதை மைனஸ் 1 டெசிபலுக்குக் கொண்டுவர எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று பார்த்து, அதே அளவை எல்லா ஃபைலுக்கும் கெய்ன் விளைவாகக் கொடுங்கள். நார்ம் என்ற சொல்லே ஸ்கிரிப்டில் இருக்கக் கூடாது. மூலம் இல்லையென்றால் வழி ஒன்றுதான். மெல்லிய அடுக்குக்கு வால்யூம் என்ற குறிச்சொல்லில் மைனஸ் 12, நடு அடுக்குக்கு மைனஸ் 6 என்று போட்டுக் காதால் சரிசெய்ய வேண்டும். மூலத்தின் வித்தியாசம் அப்படியே திரும்ப வராது, ஆனால் வாசிக்கலாம்.

சரிசெய்த பிறகு நேர் எதிர்க் குறை வரலாம்: மெல்லிய அடி காதிலேயே விழவில்லை. பதற வேண்டாம். அழுத்தத்தைப் பொறுத்துச் சத்தத்தைக் குறைக்கும் வேலையைப் பிளேயரும் தானாகச் செய்கிறது. ‘ஆம்ப் வெல்ட்ராக்’ குறிப்பிடாவிட்டால் 100 சதவீதம். பதிவிலேயே வித்தியாசம் இருக்கும்போது அது இரண்டாவது முறையும் குறைக்கிறது. 30, 40 என்று இறக்கிப் பாருங்கள்.

மூன்றாவது அடி மட்டும் விழுங்கப்படுகிறது

ஒரே அடி திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கேட்கக் கூடாது என்று மாற்றி மாற்றி ஒலிக்கும்படி கட்டியிருப்பீர்கள். சுற்றில் எத்தனை ஒலி என்று சொல்லும் ‘செக் லெங்த்’ 3 என்று இருக்கிறது, ஆனால் எத்தனையாவது ஒலி என்று சொல்லும் ‘செக் பொசிஷன்’ 1, 2 மட்டும்தான் ரீஜனாக இருக்கிறது. மூன்றாவதை யாரோ நன்றாக இல்லை என்று நீக்கிவிட்டு எண்ணை மாற்ற மறந்திருப்பார்கள். லோராண்ட், ஹைராண்ட் கொண்டு தற்செயலாக மாற்றுபவர்கள் 0 முதல் 0.5, 0.5 முதல் 1 என்றே எழுதுங்கள். மேல் எல்லை சேராது என்பதால் இரண்டும் மோதாது. 0.49 என்று சாமர்த்தியம் காட்டினால் நடுவில் ஓட்டை விழும்.

அடி பாதியில் வெட்டுப்படுகிறது

பேடில் அடித்த உடனேயே ‘விட்டாயிற்று’ என்ற செய்தியும் போய்விடும். தாளக் கருவிகளுக்கு லூப் மோட் என்பதை ஒன் ஷாட் என்று வைத்தால் அந்தச் செய்தியைப் பொருட்படுத்தாமல் கடைசிவரை ஒலிக்கும். அதற்குப் பிறகும் வெட்டினால் குரூப் (ரீஜன் எந்தக் குழு), ஆஃப் பை (எந்தக் குழு அதை நிறுத்தும்) எண்களைப் பாருங்கள். மூடிய அடி திறந்த அடியை நிறுத்த வேண்டும் என்று நினைத்து இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால், திறந்த அடி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், வேகமான தீர்மானங்கள் எல்லாம் நசுங்கும். திறந்த அடிக்கு ஓர் எண், மூடியதற்கு வேறு எண், திறந்ததன் ஆஃப் பை மட்டும் மூடியதைக் காட்டட்டும். நிறுத்துவது சட்டென்று கத்தரித்தது போல் இருந்தால் ஆஃப் மோட் என்பதை நார்மல் ஆக்கி, ஆம்ப்இஜி ரிலீஸில் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

ஃபைலே காலியாக இருக்கிறதா? 16 பிட் வேவ் ஒன்று 44 பைட் மட்டும் இருந்தால் அதில் தலைப்பு மட்டும்தான் மிச்சம். சாக்ஸின் சைலன்ஸ் விளைவு தின்றுவிட்டது. சத்தம் குறைந்தது 0.1 நொடியாவது தொடர வேண்டும் என்று அதற்குச் சொல்லியிருப்பீர்கள். தவிலின் மூடிய அடி அதற்குள் அடங்கிவிடும், அதனால் அது முழுவதையும் மௌனம் என்று எடுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் தாளக் கருவிகளின் முன்பகுதியைத் தானாக வெட்டும் வேலையே வேண்டாம். தாமதமாக ஒலித்தால் அந்த ரீஜனில் ஆஃப்செட் என்று போட்டு எத்தனை மாதிரி தாண்ட வேண்டும் என்று எழுதுங்கள்.

மோனோ ஆக்கியதும் தவிலின் அடிவயிறு காணாமல் போகிறது

வலந்தலைப் பக்கம் ஒரு மைக், தொப்பிப் பக்கம் ஒரு மைக் வைத்த பதிவுகளில் இது வரும். ஒரு தோல் ஒரு மைக்கை விட்டு விலகும் நேரத்தில் இன்னொரு தோல் மற்ற மைக்கை நெருங்கலாம். இரண்டையும் கூட்டினால் கீழ்ஸ்தாயி ஒன்றையொன்று அழித்துவிடும். ரீமிக்ஸ் விளைவில் முதல் சேனலை 0.5 அளவிலும் இரண்டாவதை மைனஸ் 0.5 அளவிலும் கூட்டிப் பாருங்கள். வயிறு திரும்பி வந்தால் அதுவே வழி. வராவிட்டால் ஒரே மைக்கை எடுத்துக்கொள்வதே நல்லது.

மின்சார இரைச்சல் நம் ஊரில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் உட்காரும். நாதஸ்வரத்துக்கு 80-இல் ஹைபாஸ் போடலாம், தவிலுக்குப் போட்டால் தொப்பியும் சேர்ந்து போய்விடும்.

நீட்டிய ஸ்வரத்தில் டிக் டிக்

ஸ்வரத்தை நீட்டத் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிதான் லூப். அது தொடங்கும் இடமும் முடியும் இடமும் அலையில் ஒரே நிலையில் இருக்க வேண்டும். 44100 வேகத்தில் 2 கட்டை ஸட்ஜத்தின், அதாவது 293.66 ஹெர்ட்ஸின், ஒரு சுற்று ஏறக்குறைய 150.17 மாதிரி. முழு எண் இல்லை என்பதால் ஒரே சுற்றை லூப் செய்தால் சுருதி கொஞ்சம் நகரும். ஆறு சுற்று எடுத்தால் 901, ஏறக்குறைய முழு எண். கணக்கு சரிதான், ஆனால் அவ்வளவு குட்டி லூப் நாதஸ்வரத்தை ஹார்மோனியமாக்கிவிடும். ஒரு நொடியாவது வேண்டும், அதற்குள் மூச்சின் அசைவு கூடவே வரும். அதனால் இந்தக் குறையைத் தீர்க்க வேண்டிய இடம் பதிவு அறை. கமகம் இல்லாத, அசையாத நீண்ட கார்வையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் எந்த வித்வானும் அப்படி வாசிக்க மாட்டார். அது அவர் கைக்கே எதிரான காரியம். மிச்சத்துக்கு ‘லூப் கிராஸ்ஃபேட்’ உதவும், எல்லாப் பிளேயரும் மதிக்காது.

முன்பு சரியாக இருந்த லூப் திடீரென்று கெட்டால், யாரோ மாதிரி வேகத்தை மாற்றியிருக்கிறார்கள். 48000-லிருந்து 44100-க்கு இறக்கினால் லூப் எண்களையும் 0.91875-ஆல் பெருக்க வேண்டும். 96000-ஆவது மாதிரியில் இருந்த லூப் ஸ்டார்ட் 88200 ஆகும். லூப் எண்கள் வேவ் ஃபைலின் உள்ளேயே எழுதப்பட்டிருந்தால், ஒலி மாற்றும் கருவிகள் அந்தப் பகுதியை அப்படியே கடத்தும் என்று நம்பாதீர்கள். எஸ்எஃப்இசட்டிலேயே லூப் ஸ்டார்ட், லூப் எண்ட் எழுதிவிடுங்கள்.

எஸ்எஃப்2 ஆக்கிய பிறகு மட்டும் குறை

எஸ்எஃப்2 என்பது ஒலியையும் உள்ளேயே வைத்திருக்கும் சவுண்ட்ஃபான்ட் வடிவம். எஸ்எஃப்இசட்டை பாலிஃபோன் என்ற மென்பொருள் டெர்மினலிலிருந்தே அதற்கு மாற்றித் தரும். மாற்றிய பிறகு மெல்லிய டிக் வந்தால் லூப் முடிவைப் பாருங்கள். எஸ்எஃப்இசட்டில் லூப் எண்ட் சொல்லும் மாதிரியும் லூப்பில் சேரும், எஸ்எஃப்2-வில் அது லூப்புக்கு அடுத்த மாதிரியைக் குறிக்கும். ஒன்றே ஒன்று வித்தியாசம், ஆனால் உச்ச ஸ்வரங்களில் காதில் விழும்.

பெயர் வெட்டுப்பட்டால் காரணம் வேறு. எஸ்எஃப்2-வில் பெயருக்கு 20 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் தின்னும். ‘தவில்’ 15 பைட்டில் அடங்கும், ‘நாதஸ்வரம்’ 27 கேட்கும். அடங்கினாலும் சில கீபோர்டுகள் கட்டம் கட்டமாகத்தான் காட்டும், ஏனென்றால் அந்த வடிவம் ஆங்கில எழுத்தை மட்டும் எதிர்பார்க்கிறது.

ஏற நேரமாகிறது, மடிக்கணினி திணறுகிறது

ஒரு நிமிட ஸ்டீரியோ 24 பிட் 48000 ஒலி 17 மெகாபைட்டுக்கு மேல். அதையே மோனோ 16 பிட் 44100 ஆக்கினால் 5.3 மெகாபைட். மேடைக்குப் போகும் பிரதிக்கு இது போதும். வீட்டுப் பிரதி பெரியதாகவே இருக்கட்டும். தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் ஃபைல்களையும் எஸ்ஃபிஸ் ஏற்கும். சாம்பிள் வரிகளின் வாலை மட்டும் செட் கொண்டு மாற்றினால் போதும்.

வீட்டில் சரி, மேடையில் எல்லா அடியும் ஒரே பலம்

எஸ்ஃபிஸ் ரெண்டரில் எடுத்த வேவ் நன்றாக இருக்கிறது என்றால் கருவியைத் தொடாதீர்கள். லினக்ஸ் மடிக்கணினி என்றால் ஏசெக்டம்ப் கட்டளையை பேடின் போர்ட்டில் ஓட்டிவிட்டு, மெதுவாகவும் பலமாகவும் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வெலாசிட்டி எண் வரும். எப்படித் தட்டினாலும் 127 அல்லது 100 என்று ஒரே எண் வந்தால், பேடில் யாரோ அழுத்தத்தை நிலையாகப் பூட்டியிருக்கிறார்கள். வாடகைப் பேடுகளில் இது சகஜம். எண்கள் மாறுகின்றன, ஆனால் எல்லாம் 90-க்கு மேலேயே நிற்கின்றன என்றால் பேடின் உணர்திறன் வளைவை மாற்றுங்கள். அந்தப் பேடுக்காக லோவெல், ஹைவெல் எண்களை நகர்த்தினால் அடுத்த கச்சேரியில் வேறு பேடு வரும், அங்கே திரும்ப நகர்த்த வேண்டியிருக்கும்.